ஓர் இலை பிழைத்தது

'இன்றைக்கு என் கன்னம் இல்லை. யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், என்னுடையது இல்லை.'

நடைபாதையின் கடைசி அறையிலிருந்து சத்தம் வந்தபோது அவள் மனத்துக்குள் முதலில் ஓடியது இதுதான். ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போன்ற சத்தம். சின்ன இடைவெளி. பிறகு மூக்கடைத்த குரலில் யாரோ, "ஓர் இலை பிழைத்தது" என்று சொன்னார்கள். எதிர் அறைக்காரர் சிவப்பின் குரல்.

அவள் தராசில் வெள்ளைப் பொடி நிறுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு பட்டாலே முள் ஆடுகிற தராசு. அது ஆடவில்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் அவள் கை நடுங்கிப் பொடி சிந்திவிடும். நடுக்கம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. தன் கைப்பைக்குள் வேறு யாருடைய பொருளோ கிடப்பதைப் பார்ப்பதுபோல அந்த நிதானமான கையைப் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள்.

அந்த ஆய்வு நிறுவனத்தில் அவளுக்குப் பெயர் நீலம். பக்கத்து மேசைக்காரி பச்சை. எதிரே சிவப்பு. கைபேசியோ தொலைக்காட்சியோ, எந்தத் திரையிலும் தெரிகிற வண்ணங்களெல்லாம் இந்த மூன்று வெளிச்சங்களின் கலவைதான். அந்த வெளிச்சங்களுக்காக உலகம் மலையைக் குடைந்து அரிய உலோகங்களை எடுத்துக்கொண்டிருந்தது. நச்சுப் பொருள்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. செத்துப்போன திரைகளை ஆற்றோரம் கொட்டிக்கொண்டிருந்தது. தோண்டாமல், நஞ்சில்லாமல், ஆயுள் முடிந்ததும் மண்ணோடு மண்ணாக மட்கிப்போகிற ஒளிப்பொருளைச் செய்வதற்காக ஏற்பட்டதுதான் இந்த நிறுவனம். நல்ல காரியம். அதில் அவளுக்குச் சேர்ந்த நாளிலும் சந்தேகம் இருந்ததில்லை.

சேர்ந்த அன்று இயக்குநர் எல்லோரையும் கூட்டிப் பேசினார்.

"பூமி எவ்வளவு அடி வாங்கியிருக்கு!" என்று ஆரம்பித்தபோதே அவர் கண் கலங்கிவிட்டது. "நாம ஒரு சொட்டு கரைப்பான் ஊத்தினாலும் அது பூமி கன்னத்துல ஒரு அடி. அதைப் பூமி வாங்கலாமா? கூடாது. நாம வாங்கணும். அதுக்குப் பேருதான் ஈடு. இந்த வளாகத்துல பூமி மேல ஒரு கீறல் விழாது. அதுக்கு நான் பொறுப்பு. மத்ததுக்கு நீங்க பொறுப்பு."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். நன்றாகப் பேசுகிறார், உவமைகூட எடுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு கரண்டி டொலுயீன் கரைப்பான் ஊற்றினாள். அது உவமை இல்லை என்று தெரிந்தது.

ஈடு வாங்குகிற ஈட்டாளர் என்பவர் அவள் அறைக்கே வந்து கூட்டிப் போனார். பெரிய உடம்பு, சின்னக் குரல். உள்ளங்கையில் ஏதோ தாவர எண்ணெய் தடவி, சோம்பலாகத் தேய்த்துக்கொண்டே நடந்தார். ஈட்டறை சுத்தமாக இருந்தது. சுவரில் ஒரே ஒரு இலையின் பெரிய படம். மூலையில் மட்கும் பஞ்சு, மட்கும் கட்டுத்துணி. சன்னலோரம் தொட்டிச் செடிகள் தளதளவென்று இருந்தன. தரையைக் கழுவிய தண்ணீரை வீணாக்காமல் அவற்றுக்குத்தான் ஊற்றினார்கள்.

"அக்கா, கண்ணாடியைக் கழட்டிடுங்க," என்றார்.

"ஏன்?"

"உடைஞ்சா கழிவாயிடும் அக்கா. கழிவுக்குத் தனி ஈடு. அது அடிச்சவன் தலையில விழும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." கண்ணாடியை இரண்டு விரலால் பதமாக வாங்கி மெத்தென்ற துணிமேல் வைத்தார். "தோடும் கழட்டிடுங்க. போன வாரம் ஒருத்தங்க போட்டுக்கிட்டே வாங்கிட்டாங்க. காது பிஞ்சிருச்சு. எனக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல."

அடுத்து என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர் வந்து தோளில் மோதியது. வாய்க்குள் உப்புக் கரித்தது. நாக்கால் துழாவினாள், ஒரு பல் தன் இடத்தில் இருந்துகொண்டே ஆடியது.

"இப்ப சொல்லுங்க அக்கா."

"என்ன சொல்லணும்?"

"ஓர் இலை பிழைத்தது."

"ஓர் இலை பிழைத்தது," என்றாள்.

"அவ்வளவுதான். முதல் தடவைக்கு நல்லாவே வாங்குனீங்க. சில பேரு கத்துவாங்க. ஊரைக் கூட்டுவாங்க. எனக்கு ரொம்பக் கூச்சமா இருக்கும்."

அவள் கணவன் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். திரையில் விழுந்த விரிசலைப் பார்த்தே எந்த உயரத்திலிருந்து, எதன்மேல் விழுந்தது என்று சொல்லிவிடுவான். அன்று மாலை அவள் கன்னத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"இது விழுந்தது இல்ல," என்றான். "யாரு?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்லன்னா?"

"பூமிக்காக."

அவன் அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்தான். "பூமியே வந்து கேட்டுச்சா?"

"சும்மா இருங்க. வாயைத் திறந்தா வலிக்குது."

"வேலையை விட்டுடு. ஸ்கிரீன் உடைஞ்சா நான் மாத்திக் குடுப்பேன். உன் தாடையை எவன் மாத்துவான்?"

"விட்டுருவேன். நீலம் நிக்கட்டும்."

நீலம் நிற்பது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று வெளிச்சங்களில் நீலம்தான் அடங்காதது. அதற்கு வேண்டிய சக்தி அதிகம். அந்தச் சக்தி அதைத் தருகிற பொருளையே தின்றுவிடும். தன் வெளிச்சத்தாலேயே செத்துப்போகும். சிவப்பும் பச்சையும் பூச்செடி ஒன்றின் வேரிலிருந்தும் பாசியிலிருந்தும் தங்கள் ஒளிப்பொருளை எடுத்து முடித்துவிட்டார்கள். அவள் குப்பியில் மட்டும் நீலம் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வெளுத்துப்போகும். எட்டிப் பார்க்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். கன்னம் தடித்துப் பழகிவிட்டது. பழகியதைத்தான் அவள் பிறகு மன்னிக்க முடியாமல் நினைத்துப் பார்ப்பாள். ஆனால் அப்போது அது சௌகரியமாக இருந்தது.

இதற்கிடையில் சான்றுக் குழு வந்தது. ஒளிப்பொருள் கேடற்றது என்று இந்தக் குழு சான்று கொடுத்தால்தான் அது திரைக்குள் போகும். குழுவின் தலைவியை எல்லோரும் சான்றம்மா என்பார்கள். மெலிந்த உடம்பு, காதை நீட்டிக் கேட்க வேண்டிய குரல். வாசற்படியில் எறும்புச் சாரி போவதைப் பார்த்து, அது போய் முடியும்வரை குடை பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் இயக்குநரும் வெயிலில் நின்றார்.

உள்ளே வந்ததும் மேலே பார்த்தார். "இங்க ஏசி ஓடுதே. இதுக்கு யார் ஈடு?"

அதுவரை கரைப்பானுக்கும் கழிவுக்கும் மட்டும்தான் அடி. மின்சாரத்தை யாரும் நினைக்கவில்லை.

"சிவப்பு சார் ரூம்லதான் குளிர் ஜாஸ்தி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நீலம் திடுக்கிட்டாள். அந்தக் குரல் அவளுடையது இல்லை. ஆனால் அதே வாக்கியம், வார்த்தை பிசகாமல், அவள் தொண்டையில் தயாராக இருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

"கரைப்பானுக்குக் கன்னம் போதும்," என்றார் சான்றம்மா மெதுவாக. "மின்சாரத்துக்கு எலும்பு. அதுதான் நியாயம். தடி, காத்துல தானா விழுந்த மரத்துலதான் செய்யணும். வெட்டின மரம் கூடாது. மரத்துக்கு வலிக்கும்."

தானாக விழுந்த மரம் வந்தது. கீழ்த்தளத்தில் தச்சுப் பட்டறை போட்டார்கள். ஈட்டாளருக்கு இரண்டு உதவியாளர்கள் வந்தார்கள். எலும்பு முதலில் சுண்டுவிரலில்தான் ஆரம்பித்தது. பிறகு விளக்கு, மின்தூக்கி, தண்ணீர் சூடாக்கும் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் குழு கண்டுபிடித்துக்கொண்டே போனது. சிவப்பின் அறையில் குளிர் ஜாஸ்தி என்பது முடிவாகிவிட்டதால் அவர்தான் முன்னணியில் இருந்தார். ஒருநாள் முழங்கைக்குக் குறி வைத்த தடி விலாவில் இறங்கியது. அவர் "ஓர் இலை" என்றார். "பிழைத்தது" என்று சொல்வதற்குள் வாயிலிருந்து நுரையும் ரத்தமும் வந்தன. அந்த வார்த்தையை அவருக்காக உதவியாளர்தான் சொல்லி முடித்தார்.

மூன்றாம் நாள் இரங்கல் கூட்டம்.

"சிவப்பு சார் நம்ம எல்லாரையும் முந்திட்டார்," என்றார் இயக்குநர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முழுசா மட்கக்கூடிய பொருளை உருவாக்கணும்ங்கிறது நம்ம லட்சியம். பெட்டி இல்லாம, ரசாயனம் இல்லாம, நேரா நம்ம தோட்டத்து மண்ணுல அவரை வெச்சிருக்கோம். இந்த நிறுவனத்துலேர்ந்து முழுசா மட்கப்போற முதல் படைப்பு அவர்தான். அவர் சம்சாரத்துக்கு ஒரு செடி குடுத்திருக்கோம்."

கைதட்டல் எழுந்தது. நீலம் கைதட்டவில்லை. பச்சையும் தட்டவில்லை, அவளுக்கு ஒரு கைதான் ஒழுங்காக இருந்தது.

பச்சையின் கதை வேறு. அவள் வேலை முடிந்துவிட்டது. அவள் பாசியிலிருந்து எடுத்த ஒளிப்பொருள் அழகாக நின்றுவிட்டது. கரைப்பான் இல்லை, மின்சாரமும் கொஞ்சம்தான். ஆகவே அவள் உடம்பில் ஏராளமாக இடம் மிச்சம் இருந்தது. இதை முதலில் கவனித்தவர் இயக்குநர். கேடில்லாத அறிவியல்பற்றி மாநாடுகளில் பேசுவதற்கு அவர் அடிக்கடி விமானத்தில் போய்வந்தார். விமானத்துக்கு ஈடு சாதாரணம் இல்லை. கை, கால் என்றுதான் வரும்.

"நான் வாங்கிக்க மாட்டேனா?" என்று அவர் பச்சையைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்போது நீலமும் பக்கத்தில் இருந்தாள். "எனக்கும் ஆசைதாம்மா. ஆனா நான் கால் உடைஞ்சு படுத்துட்டா, அடுத்த மாநாட்டுல ஈட்டைப் பத்தி யார் பேசுவா? நீ இப்ப சும்மாதானே இருக்க. இதை ஒரு தண்டனையா நினைக்காத. என் பயணத்துல உனக்கும் பங்கு குடுக்கிறேன்னு நெனச்சுக்க."

"நான் எங்கயும் போகலையே சார்," என்றாள் பச்சை.

"அதான் சொல்றேன். இருந்த இடத்துலேர்ந்தே போயிட்டு வந்த மாதிரி."

முதல் மாநாட்டுக்கு அவள் இடது மணிக்கட்டு போனது. இரண்டாவதற்கு முழங்கால். நீலம் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே தடி இறங்கியதும், காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் பச்சை, "இலையாம் இலை, எவன் வீட்டு இலை" என்று கத்தியது நடைபாதை முழுக்கக் கேட்டது. சொல்ல வேண்டியதை அப்படிச் சொன்னதற்காக அவள் விலாவில் இன்னொரு அடி வாங்கினாள்.

தூக்கிக்கொண்டு வந்து மேசையில் படுக்க வைத்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நீலத்தைப் பார்த்தாள்.

"ஏய், சீக்கிரம் முடிடீ. மூணு வெளிச்சமும் நின்னுட்டா திரை வெளிய போயிடும், இந்த ஆளும் ஊர் சுத்துறதை நிறுத்திடுவான். எங்கிட்ட இனி ஒரு காலு, ஒரு கை, ஒரு மண்டைதான் பாக்கி. பார்த்துப் பக்குவமா செலவு பண்ணு."

அன்றிலிருந்து நீலம் தன் குப்பியை நீலத்துக்காக மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை அது வெளுக்கும்போதும் பச்சையின் உடம்பில் எந்த இடம் என்றுதான் மனம் போனது. அவள் தன்னையே வெறுத்தது இந்தக் கணக்குக்காகத்தான்: பச்சை உள்ளே வருவதைப் பார்த்தால், முகத்தைப் பார்ப்பதற்கு முன் மிச்சமிருப்பதைப் பார்த்தாள்.

ஊன்றுகோல் வாங்கப் பச்சையோடு கீழே போனாள். தடிகள், மரச்சம்மட்டிகள், ஊன்றுகோல்கள் என்று தச்சர் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒரே மரத்தில் மேல்பாதியைத் தடிக்கும் கீழ்ப்பாதியை ஊன்றுகோலுக்கும் அறுத்தார். "வீணாக்கக் கூடாதுல்ல," என்றார். பச்சையின் உயரத்துக்கு அளந்து இழைத்தபோது பறந்த தூள் நீலத்தின் வெள்ளை அங்கியிலெல்லாம் அப்பிக்கொண்டது. சட்டைப்பையும் நிறைந்துவிட்டது.

மேலே வந்து பார்த்தால், தூளை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. குப்பையில் போட்டால் கழிவு. கழிவுக்கு ஈடு. சன்னல் வழியாக ஊதினால் காற்று மாசு. அதற்கு மூக்கு. வாயில் போட்டு விழுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தாள். அப்போது உதவியாளரின் காலடிச் சத்தம் நடைபாதையில் கேட்டது. கைக்கு எட்டிய அழுத்தப் பாத்திரத்துக்குள் தூளை உதறி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடியைத் திருகிவிட்டாள். உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சமையல்?"

"ஆய்வு," என்றாள்.

ஆய்வு என்று சொல்லிவிட்டதால் அடுப்பில் ஏற்றியாக வேண்டும். மின்சார அடுப்பு என்றால் எலும்பு. மொட்டைமாடியில் யாரும் தீண்டாத சூரிய அடுப்பு ஒன்று இருந்தது. அதில் கொண்டுபோய் வைத்துவிட்டு மறந்துபோனாள்.

மறுநாள் மூடியைத் திறந்தபோது தேநீர் வடிகட்டிய நிறத்தில் ஏதோ தண்ணீர். வடித்து, ஒரு குப்பியில் ஊற்றி, பழக்க தோஷத்தில் புறஊதா விளக்கின் கீழே நீட்டினாள்.

குப்பிக்குள் நீலம் நின்றது.

வெளுக்கும் என்று காத்திருந்தாள். வெளுக்கவில்லை. விளக்கை அணைத்து மறுபடி போட்டாள். நின்றது. கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்து, மின்முனை பொருத்தி, ஒரு சின்ன மின்கலத்தை இணைத்தாள். இருட்டு அறையின் சுவர், அவள் விரல்கள், பச்சையின் மேசை, எல்லாம் நீலமாயின. அந்த வாரம் முழுக்க அது எரிந்துகொண்டே இருந்தது. நீலம் அதன் முன்னால் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.

பச்சை நொண்டி நொண்டி வந்து எட்டிப் பார்த்தாள். "இது என் காலுடீ," என்றாள். "என் ஊன்றுகோல்ல இழைச்ச தூளு. பார்த்தியா, நான் எவ்வளவு வெளிச்சமான ஆளுன்னு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பச்சைக்கு விலா வலித்தது, வலியோடு சிரித்தாள். முடிந்தது என்று இருவரும் நம்பினார்கள்.

இயக்குநர் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் நின்றார். பிறகுதான் கேட்டார். "பிரமாதம்மா. இதுக்கு எவ்வளவு ஈடு?"

"எதுவும் இல்ல சார்."

"எதுவும் இல்லன்னா?"

"தண்ணி. மரத்தூள். வெயில். கரைப்பான் இல்ல, கரண்ட் இல்ல, கழிவும் இல்ல. யாருக்கும் எந்தக் கேடும் இல்ல சார்."

அவர் முகம் வெளுத்தது. முன்பு அவள் குப்பிகள் வெளுத்த மாதிரியே வெளுத்தது. "இதை வெளிய யார்கிட்டயும் சொல்லாத," என்றார்.

சான்றுக் குழுவின் அவசரக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் மண் குவளையில் தண்ணீர். சான்றம்மா கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"யாருமே ஈடு குடுக்காத பொருளுக்கு எப்படிச் சான்று குடுக்கிறது? ஒரு துளி ரத்தம் இல்ல. நாளைக்கு யாராவது கேட்டா, இது கேடில்லாததுன்னு எதை வெச்சுக் காட்டுறது?"

"கேடு இல்லைங்கிறதையே காட்டலாமே அம்மா," என்றாள் நீலம்.

"இல்லாததைக் காட்ட முடியாது. காயத்தைக் காட்டலாம்."

ஒருவர் ஈட்டாளர்களின் குடும்பங்களைப்பற்றிக் கவலைப்பட்டார். இன்னொருவர், தொட்டிச் செடிகள் வாடிவிடுமே என்றார். இயக்குநர் எழுந்து நின்றார்.

"ஒரு அடிப்படை விஷயத்தை எல்லாரும் மறந்துட்டோம். இந்த நீலம் எதுலேர்ந்து வந்தது? மரத்தூள்லேர்ந்து. மரத்தூள் எதுலேர்ந்து வந்தது? ஊன்றுகோல்லேர்ந்து. ஊன்றுகோல் ஏன் வந்தது? அடி நின்னா ஊன்றுகோல் நிக்கும். ஊன்றுகோல் நின்னா தூள் நிக்கும். தூள் நின்னா நீலம் எங்கேர்ந்து வரும்? இந்தக் கண்டுபிடிப்பே நம்ம ஈட்டு முறைக்குக் கிடைச்ச வெற்றி! இதுக்கு ஈடு இல்லைன்னு சொல்றது, பெத்த தாயைத் தெரியாதுன்னு சொல்ற மாதிரி."

மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு, ஆகவே பெரிய ஈடு என்று முடிவானது. வெளியீட்டு விழாவிலேயே, எல்லோர் முன்னிலையிலும். பச்சையிடம் இன்னும் கை வைக்கப்படாமல் மிச்சம் இருப்பதில் பெரியது தலைதான் என்று யாரோ நினைவூட்டினார்கள்.

"ஆனா ஒண்ணு," என்றார் சான்றம்மா. "நீலத்தைக் கண்டுபிடிச்சவங்க கையாலதான் நடக்கணும். அப்பதான் அது ஈடு. வேற யார் அடிச்சாலும் அது வெறும் கொலை. நாங்க வன்முறைக்குச் சான்று குடுக்கிறதில்ல."

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது கணவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"போகாத."

"நான் போகலைன்னா பச்சையை வேற எதுக்காவது இழுப்பாங்க."

"போய் என்ன பண்ணப்போற?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. கண்ணை மூடினால் அந்தத் தராசு தெரிந்தது, ஆடாத முள் தெரிந்தது. அவ்வளவு நிதானமான கைக்கு ஒரு சம்மட்டியைக் கொடுத்தால், அது பழக்கத்தில் தூக்கிவிடுமோ? 'ஓர் இலை பிழைத்தது' என்று வாய் தானாகச் சொல்லிவிடுமோ? யார் கன்னமாக இருந்தாலும் சரி என்று நினைத்த பெண் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளேதான் இருந்தாள், தன் முறை வரட்டும் என்று.

விழா அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் ஆள் உயரத் திரை. விளக்குகளை அணைத்தார்கள். முதலில் சிவப்பு எரிந்தது, செத்தவரின் சிவப்பு. பிறகு பச்சை. பிறகு அவள் நீலம். மூன்றும் கலந்து வெள்ளையானபோது அரங்கில் பெருமூச்சு எழுந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில், தாழ்ந்த முக்காலி ஒன்றில் பச்சை உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்திருந்தாள்.

இயக்குநர் ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். "உலகத்துலேயே முதல் முறையா, ஒரு உயிருக்கும் தீங்கு செய்யாத திரை! இப்ப அதை நிரூபிக்கிறோம்."

நீலத்தின் கையில் சம்மட்டியைக் கொடுத்தார்கள். தானாக விழுந்த மரம், நன்றாக இழைத்திருந்தது. அவள் பச்சையின் பின்னால் போய் நின்றாள். பச்சையின் வகிடு தெரிந்தது. வகிட்டோரம் இரண்டு நரைமுடி.

"ஏய்," என்றாள் பச்சை திரும்பாமலே. குரல் உலர்ந்திருந்தது. "அடிச்சா ஒழுங்கா அடி. பாதியில விட்டுட்டுப் போயிடாத. எனக்கு அரைகுறை வேலை பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும்."

நீலம் தன் கையைப் பார்த்தாள். சம்மட்டியின் நிழல் பச்சையின் தோள்மேல் விழுந்திருந்தது. நிழல் ஆடியது. முதலில் திரைதான் மினுக்குகிறது என்று நினைத்தாள். திரை ஆடவில்லை. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நடுங்கியதே, அதே நடுக்கம். தொலைந்துபோனது என்று நினைத்த ஒன்று வீட்டுக்குள்ளேயே கிடைத்ததுபோல அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது.

சம்மட்டியைக் கீழே இறக்கினாள்.

"நான் அடிக்க மாட்டேன் சார்."

இயக்குநர் அரங்கைப் பார்த்துச் சிரித்தார். "தன்னடக்கம்," என்று ஒலிவாங்கியில் சொன்னார். பிறகு அதைக் கையால் மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். "என்ன விளையாடுறியா? நீ அடிக்கலைன்னா நீலத்துக்குச் சான்று கிடையாது. திரை கிடையாது. இத்தனை வருஷ உழைப்பு போச்சு."

"போகட்டும் சார்."

"தூளுக்கு எங்கம்மா போவ?" என்று சான்றம்மா பரிவாகக் கேட்டார். "ஊன்றுகோல் இல்லாம?"

நீலம் சம்மட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ரேகை நெருக்கமில்லாத மரம். இலேசாக அரையும். "இதை அரைச்சுக்கிறேன் அம்மா," என்றாள். "கீழ பட்டறை நிறையத் தடியும் சம்மட்டியும் இருக்கு."

பச்சை களுக்கென்று சிரித்துவிட்டாள். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். இயக்குநரின் முகம் இரண்டாம் முறை வெளுத்தது. மேடை ஓரத்தைப் பார்த்து அவர் விரலைச் சொடுக்கினார்.

ஈட்டாளர் வந்தார். உள்ளங்கையில் எண்ணெய் மினுமினுத்தது. தேய்த்துக்கொண்டே மேடையேறி, அவள் முன்னால் வந்து நின்று, ஆளுயர வெளிச்சத்தை முழுக்க மறைத்தார். கூட்டம் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார்.

"அக்கா, கண்ணாடியைக் கழட்டிடுங்க."

எத்தனையோ முறை கேட்ட வார்த்தைதான். ஒவ்வொரு முறையும் அவள் கை தானாகவே காதுப்பக்கம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே கழற்றி, மடித்து, அவரிடம் நீட்டியிருக்கிறாள். இன்று கை போகவில்லை. இதுவரை யாரும் கழற்றாமல் இருந்ததில்லை. அவருடைய ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. உடைந்தால் கழிவு. கழிவுக்கு அடித்தவன் பொறுப்பு. அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் சான்றம்மாவைப் பார்த்தார். சான்றம்மா தரையில் எறும்பு தேடினார்.

"அக்கா, தயவுசெஞ்சு," என்றார் ஈட்டாளர். குரல் கெஞ்சியது. "கழட்டிடுங்க."

நீலம் சம்மட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நடுங்கிக்கொண்டிருந்த கையைப் பச்சையிடம் நீட்டி, எழுந்திரு என்பதுபோலப் பார்த்தாள். மூக்கில் சற்றே நழுவியிருந்த கண்ணாடியை மற்றக் கையின் ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள்.